டைகருக்கு மாலை வாங்கிய நாள்

உயிரோடிருந்த ஒரு நாயைச் செத்துப்போனதாக நான் அறிவித்திருக்கிறேன். அதுவும் ஊர் நடுவில். (அப்போது நான் அரசாங்கச் சம்பளம் வாங்கும் கால்நடை டாக்டர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

எண்பதுகளின் தொடக்கம். வேலையில் சேர்ந்து ஆறு மாதம். பெரம்பலூரில் எனக்கு வாய்த்த நோயாளிகளெல்லாம் ஆடும் மாடும்தான். வயிறு ஊதிய ஒரு எருமையைப் பிழைக்க வைத்ததில் எனக்கே என்மேல் பெரிய மரியாதை வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அரியலூரிலிருந்து சரோஜா டீச்சர் ஒரு நாயோடு வந்து இறங்கினார்.

பெங்களூரிலிருக்கும் அவர் தம்பி கொடுத்த பெக்கிங்கீஸ் ஜாதி நாய். உடம்பெல்லாம் சடை. சுவரில் மோதி நின்றது போல மூக்கு முகத்துக்குள் போயிருந்தது. பெயர் டைகர். மூச்சு விட்டால் ரைஸ்மில் ஓடும் சத்தம்.

"வெயில் வந்தா நாக்கு நீலமாயிடுது தம்பி. போன வாரம் மயங்கியே வுழுந்துட்டான். எங்க வூட்டுல எனக்குத் தொணை இவன் ஒருத்தன்தான்" என்றார் டீச்சர்.

மூக்குத் துவாரம் எள் நுழையாத அளவுக்கு இருந்தது. ஓரத்துச் சதையைக் கொஞ்சம் வெட்டித் தையல் போட்டால் மூச்சுக்கு வழி கிடைக்கும். புத்தகத்தில் படித்திருந்தேன், செய்ததில்லை. என் பேராசிரியருக்கு டிரங்க் கால் போட்டேன்.

"கை நடுங்காமப் பண்ணு. முடிஞ்சதும் மூச்சக் கவனி" என்றார்.

மயக்க ஊசி போட்டதும் டைகரின் குறட்டை இரண்டு மடங்காகிவிட்டது. ஒவ்வொரு குறட்டைக்கும் என் கத்தி ஒரு துள்ளல் துள்ளியது. கம்பவுண்டர் ஜமால் பாயிடம் சொல்லி இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன். உலகம் அமைதியானது. நிதானமாக வெட்டி, அழகாகத் தைத்து முடித்தேன்.

அப்போது ஜமால் பாய் என் முகத்தருகே வந்து கத்தினார். "டாக்டர், சத்தத்தையே காணோமே!"

பதறிப்போய் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினேன். நெஞ்சில் வைத்தேன், விலாவில் வைத்தேன், முதுகில்கூட வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சடைக்குள் நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியவில்லை.

"மவுத்தாயிடுச்சா?" என்று மறுபடி கத்தினார் பாய். தலையாட்டினேன்.

டீச்சர் வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அருகில் போய் மெல்ல, மிக மெல்ல, "டீச்சர், நம்ம டைகர் போயிட்டான்" என்றேன். (மெல்ல என்பது என் நினைப்பு. பஞ்சு புண்ணியத்தில் அது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம்.) மாடு பிடித்து நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். ஒருவர் ஓடிப்போய் சம்பங்கி மாலை வாங்கிவந்து நேராக உள்ளே போனார்.

டீச்சர் அழுதுகொண்டே என்னவோ கேட்டார். திட்டுகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். மறுபடியும் கேட்டார். கடைசியில் அவரே கையை நீட்டி என் காதிலிருந்த பஞ்சை உருவினார்.

"காதுல என்னன்னுதான் கேட்டேன். நெஞ்சுல கொழா வச்சுப் பாத்திருப்பீங்களே, அப்பவும் இது இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க டீச்சர்."

அவர் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போய் வந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு தும்மல். ஓடினோம். கழுத்தில் மாலையோடு டைகர் தலையைத் தூக்கி, போதைக் கண்ணால் எங்களைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. மூக்கு வழியே, பூனை நடப்பது போலச் சத்தமில்லாமல் மூச்சு போய் வந்தது. குறட்டை நின்றது அவன் செத்ததால் அல்ல; என் ஆபரேஷன் பலித்ததால்!

டைகர் பல வருஷம் இருந்தான். என் கல்யாணத்துக்கே வந்தான். டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்து பெண் வீட்டார் எல்லோருக்கும் கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

இப்போது குறட்டை என்னுடையது. மத்தியானம் நான் கண்ணயர்ந்தால் என் மனைவி பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "தாத்தாவோட சத்தம் நின்னுபோனா ஒடனே அழுதுடாதீங்க. மொதல்ல உங்க காதத் தொட்டுப் பாத்துக்குங்க."