குட்ரூனின் கண்மணி அளித்த வாக்குமூலம்

காது கேட்கிறதா என்று மனிதர்களிடமே விசாரிக்கும் அநாகரிகத்தை ஒழித்த பெருமை, டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தையே சேரும். நாங்கள் கண்மணியிடம் விசாரிக்கிறோம். சிரமப்பட்டுக் கேட்பவருக்குக் கண்மணி விரியும். சிரமம் இல்லையென்றால் விரியாது. வாய் பொய் சொல்லும், கண்மணிக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பது எங்கள் இயக்குநர் பிரெபென் உலகுக்கு அளித்த உண்மை.

குட்ரூன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். புதிய காதுக்கருவியை மாட்டி, முகவாயைத் தாங்கியில் வைத்து, கேமராவைப் பார்த்தபடி, இரைச்சலுக்கு நடுவே ஐம்பது வாக்கியங்களைக் கேட்டார். சனிக்கிழமை அவருடைய தம்பிக்கு எழுபதாவது பிறந்தநாள் விருந்து. எங்கள் ஊர் விருந்துகளில் சாப்பாட்டைவிட உரைகள் நீளம்.

"இதுல ஒண்ணுமே புரியலை, பிரெபென். சனிக்கிழமைக்குள்ள சரிபண்ணிக் குடு."

பிரெபென் வரைபடத்தைக் காட்டினார். "பத்து வாக்கியம் வரைக்கும் உன் கண்மணி விரிஞ்சிருக்கு. பதினொண்ணுலேருந்து அசையவே இல்லை. கருவி பழகிடுச்சு, குட்ரூன்!"

"பதினொண்ணுல நான் கைவிட்டுட்டேன்ப்பா. மத்தியானம் ரொட்டிக்கு ஹெர்ரிங் மீனா, ஈரல் விழுதான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"அது உன் 'தனிப்பட்ட கருத்து'."

"காது என்னோடது இல்லையா?"

"அளவு எங்களோடது."

அளவு நன்றாக வந்த கருவியைத் திருத்தக் கூடாது என்பது எங்கள் விதி. திருத்தினால் அளவின் மனம் புண்படும்.

"அப்ப விருந்துக்கு என் கண்மணியை அனுப்பிடறேன். நான் வீட்டுல இருக்கேன்." குட்ரூன் கோட்டை எடுத்துக்கொண்டார். வாசலில், கேமராவை இயக்கிய என் முன்னால் நின்றார். "நீயாவது சொல்லேன், பொண்ணே."

நான் கூட்டங்களில் பேசுவதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை, ஆய்வுக்கூடமே ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டபடி நடத்தும் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டேன்.

"பிரெபென், கேக்குற முயற்சியையே விட்டுட்டவங்களுக்கும் கண்மணி விரியாது. இன்னிக்கே கருவியைத் திருத்தினா, நாளைக்கு குட்ரூனுக்குத் தம்பி வீட்டுப் பேச்செல்லாம் கேக்கும்."

பிரெபென் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை; கடைசிச் சொல் வரை தலையசைத்தார்.

"அருமை. ரொம்ப நன்றி. அடுத்தது?"

அவ்வளவு நேரமும் நான் அவர் கண்மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் பழக்கம். அது கடுகளவும் அசையவில்லை. எங்கள் அளவுகோலின்படி, என் பேச்சை அத்தனை சிரமமின்றிக் கேட்டவர் டென்மார்க்கிலேயே வேறு யாருமில்லை.