அத்தை உயரத்துக்கு ஒரு தலைவாசல்

வீடு கட்டுகிறவர்களுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தே தீரும். சிலருக்கு டைல்ஸ், சிலருக்கு வாஸ்து. எனக்குப் பிடித்தது 1.618.

கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடி போனில் பார்த்த ஒரு வீடியோதான் காரணம். சூரியகாந்தி விதைகளின் சுருளிலும், பழங்காலக் கோயில் முகப்பிலும், பெரிய ஓவியங்களிலும் தங்க விகிதம் ஒளிந்திருக்கிறதாம். உயரம் அகலத்தைப்போல் 1.618 மடங்கு இருந்தால் கண்ணுக்கு அழகாம். (கணக்கில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?) என் மகள் அழகான வாசல் வழியாகத்தான் வெளியுலகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மொரப்பூர் பக்கம் நாங்கள் கட்டிய அந்த வீட்டில் அதுவரை ஒரு செங்கல்லைப் பற்றிக்கூட யாரும் என்னைக் கேட்டதில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் கணவருக்கு லீவு கிடைக்காததால், தலைவாசல் நிலைக்கு அளவு சொல்லும் வேலை என்னிடம் வந்தது. இதை ஒழுங்காகச் செய்தால் சமையலறையையும் என்னிடமே விடுவதாகச் சொல்லியிருந்தார்.

அகலம் மூன்றரை அடி. நான்கு தடவை பெருக்கிப் பார்த்தேன். உயரம் ஐந்தடி எட்டங்குலம். பாலக்கோட்டு ஆசாரி போனில் தயங்கினார்.

"ஏழடிதாங்க வெப்போம். இது குள்ளமா இருக்குங்களே?"

அழகாக இருக்கும், செய்யுங்கள் என்றேன். போனை வைத்ததும் பயம் வந்தது. சுவரோரம் நின்று என்னை அளந்தேன்: ஐந்தடி ஒன்று. அத்தையை (மாமியார்தான்) நிற்க வைத்து அளந்தேன்: நாலடி பதினொன்று. தாராளம்.

நிலை வைக்கும் நாளன்று அத்தை அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். நவதானியம் போட்டு, நல்ல நேரத்துக்குள் தூக்கி நிறுத்தினார்கள். தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாக அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஓசூரிலிருந்து கணவர் வந்து சேர்ந்தார். (ஆறடி. கல்யாணத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஆறடி.) வலது காலை எடுத்து வைத்தார். ணங்!

வேறு நிலை செய்துவிடலாம் என்று மேஸ்திரி மெதுவாக ஆரம்பித்தார். எனக்குச் சமையலறை கைநழுவிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

கணவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "யார மனசுல வெச்சு இத அளந்த?"

1.618 என்று சொன்னால் தொலைந்தேன்; சுவரோரம் நிற்க வைத்து அளந்தவரைச் சொன்னேன். "உங்க அம்மாவங்க."

அத்தை நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "இந்த வூட்ல எனக்குன்னு அளந்து வெச்சது இது ஒண்ணுதான். எவன் புடுங்கறான்னு பாக்கறேன்."

யாரும் பிடுங்கவில்லை. பதிலுக்குச் சமையலறை மேடையைக் கணவர் தன் உயரத்துக்குக் கட்டச் சொல்லிவிட்டார். எனக்கு முக்காலி போட்டு ஏறினால்தான் எட்டும்; லீவில் வந்தால் தோசை அவர்தான் சுடுகிறார். நெற்றி வீங்கிய சொந்தக்காரர்கள் பஸ் ஏறப் போனால், "மருமவ அளந்த வூட்டுக்குப் போய்ட்டு வரீங்களா?" என்று டீக்கடைக்காரர் விசாரிக்கிறார்.

மகளுக்கு மூன்று வயதாகிறது. மாதாமாதம் நிலைக்காலில் பென்சில் கோடு போட்டு அவள் உயரத்தைக் குறிக்கிறேன். ஊரில் எல்லாத் தாய்மாரும் பிள்ளை நெடுநெடுவென்று வளர வேண்டிக்கொள்கிறார்கள். நான் மட்டும், ஐந்தடி ஏழோடு நிறுத்திக்கொள் சாமி என்கிறேன்.