தபால்காரரின் தலை

தபால்காரருக்குத் தலையைக் காணவில்லை. காக்கிச் சட்டை இருந்தது, தோளில் பை இருந்தது, சைக்கிளும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை.

ஸ்டோர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். தலை வரவில்லை.

உதிரிபாகக் கிடங்கில் பல வருஷம் குப்பை கொட்டியதால் அவருக்கு அந்தப் பெயர். தங்கையும் அவள் வீட்டுக்காரரும் மாடி அறையில் கம்ப்யூட்டர் கேம் செய்ய ஆரம்பித்தபோது, வேலையை விட்டுவிட்டு இவரும் வந்து சேர்ந்துகொண்டார். தங்கை படம் வரைந்து கேமை ஓடவைப்பாள். மாப்பிள்ளை சத்தம் சேர்ப்பார். படமும் சத்தமும் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்காமல் அடுக்கி வைப்பது அண்ணன் பொறுப்பு. அவர் மெஷினில் எதை மாற்றினாலும் மூன்று மெஷினிலும் மாறிவிடும் என்று தங்கை சொல்லி வைத்திருந்தாள். அதனால் பயபக்தியோடுதான் வேலை செய்வார்.

இன்று ஒரு பெரிய கம்பெனியிலிருந்து மேடம் ஒருவர் கேமைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் அவர்கள் வெளியிடுவார்கள். இல்லாவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு மூன்று பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அதனால்தான் அண்ணன் காலையிலேயே வந்து, எல்லாவற்றையும் கிடங்கு முறைப்படி மாற்றி அடுக்கினார். தலையெல்லாம் ஒரு ஃபோல்டர். காலெல்லாம் ஒரு ஃபோல்டர். வாலுக்குத் தனி.

"மாப்ள, தபால்காரர் தலை எங்க இருந்துச்சு?"

மாப்பிள்ளை ஹெட்போனைக் கொஞ்சம் விலக்கினார். "கழுத்து மேல."

"அது எனக்குத் தெரியாதா? எந்த ஃபோல்டர்ல?"

"தபால்காரர் ஃபோல்டர்லதான். அவர் தலை, அவர் கால், அவர் பை எல்லாம் ஒண்ணாத்தான மச்சான் கிடந்துச்சு?"

"நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாத்தையும் ஒரே டப்பால போடுற மாதிரி! அதான் பிரிச்சு வச்சேன்."

"நல்லது மச்சான்." ஹெட்போன் திரும்பக் காதுக்குப் போய்விட்டது.

அண்ணன் 'தலைகள்' ஃபோல்டரைத் திறந்தார். தங்கை வைத்த பெயர்கள் வரிசையாக நின்றன. தலை_கடைசி. தலை_கடைசி_புதுசு. தலை_இதுதான்_கடைசி. தலை_சத்தியமா_இதுதான். சத்தியம் செய்ததை நம்பாமல் வேறு எதை நம்புவது? அதை எடுத்து மாட்டினார்.

அது நாயின் தலை.

நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தபால்காரர் மணியடித்தபடி தெருவில் போனார். கேமில் அவரைத் துரத்த வேண்டிய நாய் தலையில்லாமல் ஓடிவந்தது. முண்டமாக விடக்கூடாதே என்று இன்னொரு தலையை எடுத்து அதற்கு மாட்டினார் அண்ணன். தொப்பியும் முறுக்கு மீசையுமாக நாய் ஜம்மென்று நின்றது. வாயைத் திறந்து, "சார், போஸ்ட்!" என்றது.

தபால்காரர் குரைத்தார்.

"மாப்ள! நாய் பேசுது!"

"என்ன சொல்லுது?"

"சார் போஸ்ட்டுங்குது!"

"அப்ப வாங்கி வச்சுக்குங்க மச்சான்."

சிரிக்கிற நேரமா இது? அண்ணனுக்கு வியர்த்தது. பெயர்தான் எல்லா வினைக்கும் காரணம் என்று தோன்றியது. கிடங்கில் செய்வதுபோல அலமாரி எண் போட்டு, எல்லா ஃபைல்களின் பெயரையும் ஒரே மூச்சில் மாற்றினார்.

தலையோ காலோ மட்டும் இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடும் கேம், முழுப் படமே கிடைக்காத இடத்தில் பளீரென்று ரோஸ் கலரைப் பூசிவிடும். இப்போது வீடு ரோஸ். மரம் ரோஸ். வானம் ரோஸ். அந்த ரோஸுக்குள் எங்கேயோ ஏதோ ஒன்று குரைத்தது.

தங்கை டீயோடு உள்ளே வந்தாள்.

"அம்மாடி, எல்லாம் போச்சு! தெருவையே காணோம்!"

"யார் மெஷின்லண்ணா?"

"என்னோடதுலதான்."

"சரி விடு. டீ ஆறுது பாரு."

"என்ன பொண்ணு நீ! அந்தம்மா வர்ற நேரம். உங்க ரெண்டு பேர் பொழப்பையும் நானே கெடுத்துட்டேன்னு நிக்கிறேன், டீ ஆறுதுங்கிற!"

தங்கை அவர் கையில் டம்ளரைத் திணித்தாள். "ஒண்ணும் ஆகாதுண்ணா. குடிச்சிட்டு முகம் கழுவிட்டு வா."

அதற்குள் வாசலில் மணி அடித்தது. கடைசி முயற்சியாக, எதற்கென்றே தெரியாமல் ஒரு பட்டனை அமுக்கினார் அண்ணன். பிறகு சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

தங்கை மேடத்தைத் தன் மெஷின் முன்னால் உட்காரவைத்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மணிச்சத்தம் கேட்டது. "சார், போஸ்ட்!" என்று ஒரு மனிதக் குரல் கேட்டது. பின்னாலேயே அசல் குரைப்பு.

கண்ணைத் திறந்தார். வானம் நீலமாக இருந்தது. தபால்காரர் தன் மீசையோடு போக, நாய் தன் நாக்கோடு துரத்தியது. அந்தப் பட்டன் காப்பாற்றிவிட்டது!

மேடம் விழுந்து விழுந்து சிரித்து விளையாடினார். முடித்ததும் எழுந்து தங்கையின் கையைக் குலுக்கினார். "நாங்களே வெளியிடுறோம். ஒரு இடத்துலகூடத் தடங்கல் இல்லையே, எப்படி?"

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "எல்லாம் அடுக்குற விதத்துல இருக்கு மேடம். காலைல இருந்து நானே உக்காந்து பிரிச்சு அடுக்கினேன்."

"அப்படியா! எங்க ஆபீஸ்ல ஃபைலெல்லாம் ஒரே கந்தர்கோளம் சார். கொஞ்ச நாள் வந்து சரிபண்ணிக் குடுக்க முடியுமா?"

"இதோ, இப்பவே வரேன்!" அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை. நல்ல சட்டை மாற்றிக்கொள்ளக் கீழே ஓடினார்.

மாப்பிள்ளை ஹெட்போனை முழுவதுமாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மேடம், தங்கமான மனுஷன். ஆனா எங்கள மாதிரியே நீங்களும், அவர் அடுக்குறதுக்குன்னு தனியா ஒரு காப்பி போட்டுக் குடுத்துருங்க."