மடுவில் போட்ட வட்டங்கள்

பேரன்புக்குரிய யோசேப் மாமாவுக்கு,

மடு மாதாவின் காவலில் தாழ்வுபாட்டில் நீங்களும் மாமியும் அன்ரோனெற்றும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கு நான் சுகம். வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாததால்தான் நேரில் வராமல் கடிதம் எழுதுகிறேன்.

என் விரிவுரையாளர் வேலை நிரந்தரமானதும் அன்ரோனெற்றைக் கட்டித் தருவதாகச் சொன்னீர்கள். வேலை நிரந்தரமாக, நான் படிப்பிக்கும் நிலைபேறான அபிவிருத்திப் பாடம் தொடர வேண்டும். பாடம் தொடர, அது உருப்படியாக நடக்கிறதா என்று அளக்க வேண்டுமாம். அளவுகோல் வேறொன்றுமில்லை, எங்கள் அபிப்பிராயம்தான். ஆசிரியருக்கு ஒரு படிவம், மாணவருக்கு ஒரு படிவம், கேள்விகள் ஒன்றுதான். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் இலக்கத்துக்கு வட்டம் போட வேண்டும். ஐந்தென்றால் முழுச் சம்மதம், ஒன்றென்றால் கொஞ்சமும் இல்லை. 'சுற்றாடலைப் பேணுவதில் ஆசிரியர் முன்மாதிரியாக இருக்கிறார்' என்ற இடத்தில் நான் எனக்கு ஐந்து போட்டேன். நாலு போடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் தனக்கு ஐந்து போட்டுக்கொண்டிருந்தார்.

மாணவர்களிடம் கொடுக்கப் போனால் வகுப்பில் கதிரைகள்தான் இருந்தன. ஆவணித் திருவிழாவுக்கு எல்லோரும் மடுவுக்கு, மாதா கோயிலுக்குப் போய்விட்டார்கள். கடைசித் திகதி நெருங்கியதால் நானும் படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, மர நிழலில் கூடாரம் அடித்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பேனையும் கொடுத்து, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, "பிள்ளையள், பார்த்துப் போடுங்கோ" என்றேன். மதுஷிகா என்ற பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சேர், இப்பதான் சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு வந்தனாங்கள். நாளைக்குப் பூசையில நன்மை எடுக்கோணும். பொய்க்கு வட்டம் போடேலாது."

"அப்ப திருவிழா முடிஞ்சு போடுங்கோவன்."

"பிந்தினால் எடுக்கமாட்டினம் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்."

எல்லோரும் ஒன்றுக்கே வட்டம் போட்டார்கள். றொசாந்தன் அதோடு நிற்காமல், 'சேர் கன்ரீனுக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போவார்' என்று ஓரத்தில் எழுதினான். வருடம் முழுவதும் முகத்துக்காகப் பேசும் பிள்ளைகளை, உண்மை பேசும் அந்த ஒரு பின்னேரத்தில் தேடிப்போய்ப் பிடித்தது என் கெட்டித்தனம். வெட்கமாகத்தான் இருந்தது மாமா. துறைத்தலைவி நசீறா என் படிவத்தையும் பிள்ளைகளின் படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மில்ரன், நீங்களும் பிள்ளையளும் ஒரே வகுப்பிலதானே இருந்தனீங்கள்?" என்று கேட்டார். பாடத்தை நிறுத்துவதா என்று அடுத்த மாதம் கூடிப் பேசப் போகிறார்கள்.

ஒரு பின்னேரத்தை வைத்து ஒரு மனிசனை அளக்கலாமா? ஆகையால் அவசரப்பட்டு அன்ரோனெற்றுக்கு வேறு இடம் பார்த்துவிடாதேங்கோ. வேலை எப்படிப் போனாலும் அவளுக்கு என்னில் முழு விருப்பம். நம்பாவிட்டால் அவளையே கூப்பிட்டுக் கேளுங்கோ.

மாமிக்கு என் அன்பு. உங்கள் வள்ளத்துக்கும் வலைக்கும் அந்தோனியார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனாகக் காத்திருக்கும்
மில்ரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், என்னில் எவ்வளவு விருப்பம், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லும் என்று அன்ரோனெற்றுக்குச் செய்தி அனுப்பினேன். அவளும் நேற்றுத்தான் மடுவிலிருந்து வந்தாளாம். மூன்று என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் படிவத்தில் மூன்றென்றால் 'கருத்து எதுவும் இல்லை'. அவளைக் கேட்கச் சொன்னதை மறந்துவிடுங்கோ மாமா. ஒரு மாதம் போகட்டும். பழையபடி நல்ல பிள்ளையாகப் பொய் சொல்லத் தொடங்கிவிடுவாள், அப்போது கேளுங்கோ.