எறக்கம் இருக்குங்க!

உலகத்திலேயே பஸ்ஸில் ஏறத் தெரிந்து இறங்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ஆபீஸில் ‘கடைசி ஸ்டாப்’ என்று பட்டப்பெயர் வாங்கியவர்தான். தஞ்சாவூரில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. சாயங்காலம் ஒரே பஸ். நான் அம்மாப்பேட்டையில் இறங்கிவிடுவேன். அவருடைய கிராமம் அதற்கும் அப்பால். அங்கே வேறு யாராவது இறங்கினால் பின்னாலேயே நழுவி இறங்குவார். இல்லாவிட்டால் “நிறுத்துங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டு, நீடாமங்கலம் வரை போய், வயலோரமாக நடந்தே திரும்புவார். மறுநாள் செருப்பில் சேறு இருந்தால் நாங்கள் எதுவும் கேட்பதில்லை.

“சத்தம் போட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க சார். காது செவந்துரும்.”

“செவந்தா செவக்கட்டுமே!”

“அதையும் பார்ப்பாங்களே!”

இந்த லட்சணத்தில் அவருக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண், குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் கணக்கு டீச்சர். நேரில் பேசிப் பார்க்கலாம் என்று டீச்சர் தன் ஊர் ஸ்டாப்பில் வந்து காத்திருந்தார். அன்றைக்கென்று அங்கே இறங்க வேறு ஆளில்லை. நம்மவர் ஜன்னல் வழியாக டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டபடியே மாயவரம் போய்ச் சேர்ந்தார்.

டீச்சர் போன் செய்தார். “போன்ல நல்லாத்தான் பேசுறீங்க. நேர்ல எறங்கவே மாட்டேன்னா எப்படிங்க? ஆடி முடியட்டும். ஆவணியில நீங்களா எறங்கி வாங்க. இல்லைன்னா எங்க வீட்ல வேற இடம் பார்த்துருவாங்க.”

மனிதர் கலங்கிப்போய்விட்டார். தஞ்சாவூரில் மனநல சிகிச்சை தரும் ஒரு அம்மாவிடம் அழைத்துப் போனேன்.

“மூளையில பயமணி அடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அது சும்மா சும்மா அடிக்குது. கவனம் பூரா உங்க காது மேலயே வெச்சிருக்கீங்க. அதை வெளியில திருப்பிப் பழகுங்க, மணிச் சத்தம் குறையும். சிலருக்கு ஸ்கேன்லயே அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கு.”

“எனக்கும் ஸ்கேன் எடுங்களேன் மேடம்!” ஸ்கேன் என்றால் வாயைத் திறக்க வேண்டாமே.

“உங்களுக்கு பஸ் போதுங்க.”

சிகிச்சை என்றால் சாதாரணச் சிகிச்சை இல்லை. ஓட்டலில் வேண்டுமென்றே டம்ளரைக் கீழே போட வேண்டும். நகைக்கடையில் வெண்டைக்காய் விலை கேட்க வேண்டும். அந்த நேரத்தில் தன் காதை மறந்துவிட்டு, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்து வந்து சொல்ல வேண்டும். நகைக்கடைக்காரர் உழவர் சந்தைக்கு வழி சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாராம். ஆடி முழுக்க ஊரிலுள்ள டம்ளர்களுக்கு ஏழரைச் சனி.

ஆவணி பிறந்தது. சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. டீச்சர் ஊர் நெருங்க நெருங்க எனக்குத்தான் வியர்த்தது. திடீரென்று பின் சீட்டில் இடி விழுந்த மாதிரி ஒரு குரல்.

“எறக்கம் இருக்குங்க!”

டிரைவர் பதறிப்போய் பிரேக் அடித்ததில், ஸ்டாப் வருவதற்கு முன்பே ஒரு நாற்றங்கால் பக்கம் வண்டி நின்றுவிட்டது.

இறங்கியவருக்கு வாயெல்லாம் பல். “மணி அடிச்சுது சார், இல்லைங்கல. ஆனா பாருங்க, பாதிப் பேர் தூங்குறாங்க. மிச்சப் பேர் போனைப் பார்க்குறாங்க. டிரைவரைத் தவிர ஒருத்தர்கூட என்னைப் பார்க்கல!”

அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது. தூரத்தில் டீச்சர் சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தார். அடுத்து வந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

போன வாரம் சாயங்காலம் பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். அம்மாப்பேட்டையைத் தாண்டப்போகும் நேரத்தில் பக்கத்திலிருந்து அதே குரல்: “நிறுத்துங்க! எங்க சார் எறங்கணும்!” மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது. காது சிவக்க இறங்கினேன். அவர் பஸ் கண்ணை விட்டு மறையும் வரை நின்று கை ஆட்டினேன்.