சைரன் மாஸ்டர் கேட்ட தேதி

இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது என்பதை உலகத்திலேயே ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சைரன் மாஸ்டர்தான். ஜப்பான்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான். இவர் மாட்டார்.

அருள்புரத்தில் நான் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஷிப்மென்ட் தேதிக்குள் முடித்து அனுப்புகிறவனாக, வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். சைரன் ஊதினால் நாங்கள் டீக்கு ஓடுவோம். அவர் ஓடிப்போய் டியூப் லைட்டுகளை அணைப்பார். போர்க்காலத்தில் சைரன் கேட்டால் விளக்கை அணைக்க வேண்டும் என்று சட்டமாம். அப்போது இவர் பிறக்கவே இல்லை. இவருடைய அம்மாவே கைக்குழந்தை. தொல்லை தாங்காமல் எலெக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டி முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக் காவல் இருந்தார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், மாஸ்டர் அதே ஸ்டூலில் ஏறி மெயினையே அணைத்துவிட்டார்.

"அந்தச் சண்டையில நம்ம பனியன் இல்லீன்னா எவன் கண்ணு ஜெயிச்சிருப்பான்? சொறிஞ்சே செத்திருப்பான்" என்பார். காதர்பேட்டை பனியன் சந்தைக்குச் சரக்கு எடுக்க வந்த வடநாட்டு வியாபாரிகளையும் நிறுத்திவைத்து இதைச் சொல்வார். டஜன் என்ன விலை என்று கேட்க வந்தவர்கள் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் போருக்குப் போனவர்களுக்காக அரசாங்கம் ஒரு நாளை அறிவிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு கிளம்பிவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"எந்தத் தேதியில அறிவிக்கணும் பெரியவரே?" என்றார் அதிகாரி.

"ஏனுங்க, அதைக் கேக்கத்தானுங்களே நான் வந்தேன்!"

மனு அங்கேயே நின்றுவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை. இறந்த தகவலும் வரவில்லை. நாள் தெரியாமல் எப்படித் திதி கொடுப்பது?

"நாள் தெரியாதவங்களுக்குத்தான் அமாவாசை இருக்குதுங்களே மாஸ்டர்?"

"அது செத்தவங்களுக்குக் கண்ணு. எங்க அப்புச்சி செத்துட்டாருன்னு யாரு சொன்னா? கூட்டிட்டுப் போனது கவர்மென்ட்டு. முடிஞ்சுதுன்னு அவங்கதான் ஒரு நாளைச் சொல்லோணும்."

அதற்குப் பிறகு அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அரசாங்கம் அசையாததால் கம்பெனியிலேயே ஒரு கூட்டம் போட்டு ஆதரவு திரட்டலாம் என்று முடிவெடுத்தார். மேனேஜர் அரைமனதாகச் சம்மதித்தார். "போர் தினம்னு எழுதிப் போடாதீங்க. ஃபாரின் பையர் வந்தா ஏதோ ஸ்ட்ரைக்குன்னு நினைச்சுக்குவாங்க. சமாதானமா, பீஸ் டேன்னு போடுங்க."

மாஸ்டர் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'மதியம் பீஸ் டே கூட்டம். அனைவரும் வருக.'

எங்கள் ஊரில் பீஸ் என்றால் ஒரே அர்த்தம்தான்: தைத்த துணி. கூலியும் பீஸ் கணக்குதான். கட்டிங் செக்‌ஷனில் நிற்க இடமில்லை. பக்கத்துக் கம்பெனி டெய்லர்கள்கூடச் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டார்கள்.

"பீஸுக்கு எவ்வளவு ஏத்தறீங்க மாஸ்டர்?" என்று ஒருவர் கத்தினார்.

மாஸ்டர் கட்டிங் டேபிள்மேல் ஏறி நின்று அப்புச்சி கதையைச் சொன்னார். கூட்டம் முணுமுணுத்தது. "அட, இதுக்கா மிஷினை நிறுத்திட்டு வந்தோம்!" என்று பாதிப் பேர் திரும்பினார்கள். மாஸ்டரின் முகம் சுருங்கிப் போனது. என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

அப்போது செக்கிங்கில் வேலை செய்யும் தூத்துக்குடி மேரியக்கா, "எங்க பூட்டனும் பர்மாவுக்குத்தான் போனாவ. வரவே இல்ல" என்றார். பின்னால் இருந்து ஒரு ஒடிசா டெய்லர், "மாஸ்டர், நம்ம ஊர்லகூட ஒரு தாத்தா போச்சு. திரும்பி வரலே" என்றார். வாசல்வரை போனவர்கள் நின்றார்கள்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "கண்ணு, இன்னைக்கு என்ன தேதி?"

மெர்ச்சண்டைசர் வேறென்ன சொல்வான்? "ஷிப்மென்ட் தேதிங்க மாஸ்டர்!"

கொல்லென்று சிரிப்பு. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப எங்க அப்புச்சிக்கும் அதே தேதிதான். கவர்மென்ட்டு சொல்லலீன்னா என்ன, இத்தனை சனம் நின்னுதே!"

பிறகு அத்தனை பேரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் சும்மா நிற்பது சாதாரண விஷயமில்லை.

மறு வருஷம் அதே தேதியில் அவர் அப்புச்சிக்கு முதல் திதி கொடுத்தார். "அப்ப சண்டை முடிஞ்சுதுங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"எங்க ஊட்டுல முடிஞ்சுது கண்ணு. கவர்மென்ட்டுலதான் இன்னும் முடியல." தேதி எழுதிய மனு பரிசீலனையில் இருக்கிறதாம்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். வருஷாவருஷம் அந்தத் தேதியில் அவரிடமிருந்து போன் வரும். "வெளக்கை அணைச்சாச்சா கண்ணு?"

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் போருக்கும் யாரும் போனதில்லை. அவர் கேட்பாரே என்றுதான், போன் மணி அடிப்பதற்கு முன்பே அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.