சுருதி மிதி கண்ட டக்ளஸ்

கேளுங்கள், குன்னூர் மலைச்சரிவில் வாழ்வோரே! விடியற்பனியில் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு நடப்போரே, ஈரம் காயாத சாக்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்தி அணிவோரே, கேளுங்கள்! நானிலம் முழுதும் பரவியிருக்க வேண்டியதும், ஏனோ இதுவரை மூன்று லைன் வீடுகளைத் தாண்டாததுமான பெரும்புகழ் படைத்த டக்ளஸ் என்னும் மாவீரன், ஒரு முக்காலியைக் காக்கும் பொருட்டு, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை நாளில் ஆற்றிய போரை இங்கே விரித்துரைக்கப் போகிறேன். தூறல் கண்டாலே மலையேற அஞ்சி மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிடும் மின்சாரமே, இந்தக் கதை முடியும்வரையாவது கம்பியில் நில். உனக்கே முதல் வணக்கம்.

யார் இந்த டக்ளஸ்? தேயிலை ஃபாக்டரியின் எலக்ட்ரீஷியன். அறுந்த ஒயர்களுக்கு அன்னை, எரிந்த ஃபியூஸ்களுக்கு எமன். வார நாட்களில் ஸ்க்ரூடிரைவர் ஏந்தும் அந்தத் திருக்கரங்கள், ஞாயிறுதோறும் எஸ்டேட் சர்ச்சின் கீபோர்டை இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டு வந்தன. பீடத்துக்கு இடப்புறம், ஜன்னலோரம், ஒரு கால் சற்றே குட்டையான முக்காலிதான் அவனுடைய அரியணை. அறுபத்தொரு கட்டைகள் கொண்ட அந்த வாத்தியத்தில் வெள்ளைக் கட்டைகள் முப்பத்தாறையும் வென்று அடிப்படுத்தியவன் அவன். கறுப்புக் கட்டைகள் இருபத்தைந்தில் ஒன்றையும் விரலால் தீண்டேன் என்று விரதம் பூண்டவன். விரதம் என்பது காவிய வழக்கு. தெரியாது என்பது சர்ச் வழக்கு.

அந்த விரதத்தைக் காக்கவே அவதரித்தவை, கீபோர்டின் இடது மூலையில் கடுகுபோல் ஒளிந்திருந்த இரண்டு பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் மொத்த வாத்தியமும் அரைச் சுருதி ஏறும்; மற்றதை அமுக்கினால் அரைச் சுருதி இறங்கும். பாடுகிறவர் எந்தச் சுருதியில் நின்றாலும், விரலைப் பழகிய வெள்ளைக் கட்டையிலேயே ஓடவிட்டு, பொத்தானால் வாத்தியத்தைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்துவிடலாம். எத்தனையோ வித்வான்களின் மானம் இந்தப் பொத்தானில்தான் தொங்குகிறது. ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எதிரே நின்ற பெரும்படை பிரிஸில்லா டீச்சர். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஐந்தாம் வகுப்பை ஒற்றைக் குரலால் கட்டியாண்டு ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவின் தலைவி. மூடுபனியைக் கிழிக்கும் முழக்கத்தினர். அந்தச் சர்ச்சின் வழக்கம் என்னவென்றால், ஆயர் பாட்டின் எண்ணைச் சொல்லி வாய் மூடுமுன் டீச்சர் வாய் திறந்திருப்பார். எந்தச் சுருதி என்பது அந்தக் காலையில் அவர் தொண்டைக்குத் தோன்றுவது. வெயில் அடித்தால் ஒன்று, பனி இறங்கினால் ஒன்று, மிளகு ரசம் குடித்து வந்தால் மற்றொன்று. உடனே டக்ளஸ் ஒரு கையைப் பாட்டில் வைத்து, மறு கையால் கடுகுப் பொத்தானைத் தேடி வேட்டைக்குக் கிளம்புவான். முதல் சரணத்தில் கீழே கிடப்பான். இரண்டாம் சரணத்தில் மேலே பறப்பான். மூன்றாம் சரணத்தில் சரியாக வந்து விழுவான். "இருங்க, மூணாஞ் சரணத்துக்கு டக்ளஸ் வந்து சேந்துருவாரு" என்று சபையாரும் பழகிவிட்டார்கள். ஆராதனைக்கு முன்னால் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போர் மரபில் எதிரெதிர் படைத்தலைவர்கள் முன்கூட்டிக் கலந்து பேசுவது ஏது?

இப்படி அமைதியாக நடந்து வந்த யுத்தத்தில் மூன்றாம் அரசன் ஒருவன் புகுந்தான். கமிட்டிச் செயலாளர் சில்வஸ்டர். கையில் செல்போன், கக்கத்தில் கரிய உருளை போன்ற ஒரு ஸ்பீக்கர். பாட்டுகளுக்கான இசையெல்லாம் போனிலேயே பதிவாக வந்துவிட்டது என்ற ஞானம் அவருக்குக் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்தில் சித்தித்திருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் டீயும் வர்க்கியும் வந்த முகூர்த்தத்தில் அவர் எழுந்து நின்று பிரகடனம் செய்தார்.

"டக்ளஸ் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஆனா கேக்கறேன், ஏனுங்க, ரெண்டு சரணம் தாண்டித்தான் மியூசிக் வரும்னா அது என்ன மியூசிக்கா, ஈபி லைனா? அறுப்பின் பண்டிகைக்கு டவுன்ல இருந்து ஆளுக வருவாங்க. அன்னிக்கும் இப்படியே தேடிட்டு இருந்தாருன்னா, அடுத்த வாரத்துல இருந்து இந்தப் பொட்டிதான். முக்காலிய எடுத்துப் பின்னால வெஸ்ட்ரி ரூம்ல போட்டரலாம்."

வர்க்கி மென்ற வாய்கள் தலையை மட்டும் அசைத்தன. தீர்மானம் நிறைவேறியது.

அரியணைக்கு ஆபத்து! வஞ்சினம் கூறி வீடு திரும்பிய டக்ளஸ், சர்ச் கீபோர்டைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி எடுத்துவந்து கட்டில்மேல் மல்லாத்தினான். பொத்தான் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதல்லவா பிழை? கைகள் இரண்டும் வாசிக்கட்டும். பொத்தானைக் கால்கள் ஆளட்டும்! இந்த எண்ணம் உதித்த நொடியில் வானம் பூமாரி பொழியவில்லை. தகரக் கூரையில் மழைதான் பெய்தது. காலிங் பெல் சுவிட்சுகள் இரண்டு, சைக்கிள் பிரேக்கின் ஸ்பிரிங்குகள் இரண்டு, ஃபாக்டரியில் கழித்துப் போட்ட ரப்பர் பெல்ட்டில் ஒரு முழம், ஒரு பழைய பிஸ்கட் டின். இவையே அவன் திரட்டிய நால்வகைச் சேனை. டின்னின்மேல் இரண்டு மிதிகள்: வலது மிதித்தால் சுருதி ஏறும், இடது மிதித்தால் இறங்கும். அங்கிருந்து இரண்டு ஒயர்கள் கீபோர்டின் வயிற்றுக்குள் நுழைந்து கடுகுப் பொத்தான்களின் அடியைப் பற்றின. அந்தத் தெய்வப் படைக்கலத்துக்கு அவன் சூட்டிய திருநாமம் 'சுருதி மிதி'.

மனைவி கெஸியா வாசலில் நின்று அந்த அறுவைக் களத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சர்ச்சு சாமான இப்படிக் கோழி உரிச்ச மாதிரிப் பிரிச்சு வெச்சிருக்கீங்களே, திரும்பப் பூட்டத் தெரியுமாங்க?"

"கெஸியா! உலகத்துல புதுசாக் கண்டுபுடிச்சவன் எல்லாம் பொண்டாட்டியக் கேட்டுட்டா கண்டுபுடிச்சான்?"

"கேட்டிருந்தா இன்னுங் கொஞ்சம் நல்லாக் கண்டுபுடிச்சிருப்பான்."

பூட்டி முடித்தபோது மூன்று ஸ்க்ரூக்கள் மிச்சம் இருந்தன. விஞ்ஞானம் பொருளை மிச்சப்படுத்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

வேலை முடிந்து வந்த ஈரம் சொட்டும் ஃபாக்டரி பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஆறு மாலைகள் அவன் பயிற்சி செய்தான். பூட்ஸ் காலால் வலது மிதியை ஒரு உதை உதைத்தால், 'டக்' என்று ஒரே ஒரு படி ஏறும். இடதை உதைத்தால் ஒரே ஒரு படி இறங்கும். உதைக்கு ஒரு படி, படிக்கு ஒரு உதை, அணுவளவும் பிசகில்லை. ஸ்பிரிங்கின் விறைப்பை அந்த பூட்ஸின் எடைக்கே முறுக்கி வைத்தான். அவன் முகத்தில் உதித்த ஒளியைக் கண்டு கெஸியாவுக்குப் பயம் வந்தது. இந்த மனிதர் தோற்றால் முக்காலியோடு இவரும் வெஸ்ட்ரிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம், யாருக்கும் சொல்லாமல், குடையை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"டீச்சர், நாளைக்கு ஒரு நா மட்டும் நீங்க கீபோர்டக் கேட்டு, அது போற வழிக்குப் போங்க டீச்சர். ஊட்டுக்காரர் பாவங்க."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்துநான்கு ஆண்டுகளில் யார் வழிக்கும் போகாத அந்தப் பெருமாட்டி, "சரி போ. ஒரு நாளைக்குத்தானே" என்றார். கெஸியா இதைக் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வீரத்துக்கு இழுக்கு.

விடிந்தது போர் நாள். நஞ்சநாட்டுத் தோட்டங்களிலிருந்து படைபோல் கேரட் மூட்டைகள் வந்தன. முட்டைக்கோஸ்கள் வெட்டுண்ட தலைகள்போல் பீடத்தைச் சுற்றிக் குவிந்தன. பீட்ரூட்டின் செந்நீர் தரையில் படிந்தது. காணிக்கைக் காய்கள் பீடத்தில் இடம் போதாமல் வழிந்து, முக்காலி வரை முற்றுகையிட்டன. டவுன்காரர்கள் முன் வரிசையில் அமர்ந்தார்கள். சில்வஸ்டர் ஸ்பீக்கரை மடியில் வைத்து, பூனையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தார். டக்ளஸ் வந்தான். வெள்ளைச் சட்டை, நீல ஸ்வெட்டர், நெற்றியில் எண்ணெய் மினுக்கம். வாசற்படியில், அந்தச் சர்ச்சில் நூறு ஆண்டுகளாக எல்லாரும் செய்வதைப்போல, குனிந்து காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

ஐயகோ! ஆறு மாலை பூட்ஸ் காலோடு பயின்ற வீரன், போர்க்களத்தில் புகுந்ததோ கம்பளி சாக்ஸோடு!

ஆயர் பாட்டின் எண்ணைச் சொன்னார். டீச்சர் தொடங்கினார். வாத்தியத்தைவிட இரண்டு படி உயரத்தில் நின்றது குரல். டக்ளஸ் புன்னகைத்தான். கைகளைக் கட்டையில் ஊன்றி, வலது மிதியில் காலை வைத்து, மெல்ல ஒரு அழுத்து அழுத்தினான். பூட்ஸின் உதை சுவிட்சை ஒரே அடியில் சாத்தும். சாக்ஸின் மெத்தென்ற பாதமோ, தொட்டும் தொடாமலும், பட்டும் படாமலும், சுவிட்சை மூன்று முறை நடுங்க வைத்தது. ஒரு அழுத்து, மூன்று படி! வாத்தியம் டீச்சரைத் தாண்டி மேலே குதித்தது.

வாக்குத் தவறாத டீச்சர் காதைக் கொடுத்துக் கேட்டார். 'ஓகோ, அங்கே போகிறதா' என்று தாமும் ஏறினார். ஏறுகிற வேகத்தில் ஒரு படி கூடுதலாகவே ஏறிவிட்டார். டக்ளஸ் கேட்டான். டீச்சர் மேலே போய்விட்டாரே! விடுவானா? மீண்டும் ஒரு அழுத்து. மீண்டும் மூன்று படி. டீச்சரும் விடுவாரா? கொடுத்த வாக்கல்லவா! அவனைப் பிடிக்க அவர் ஏற, அவரைப் பிடிக்க அவன் ஏற, மேட்டுப்பாளையத்தில் புறப்பட்ட பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி மேலேறுவதுபோல் அந்த நன்றிப் பாட்டு சரணத்துக்குச் சரணம் உயர்ந்தது. கீழே இறங்கலாம் என்று டக்ளஸ் இடது மிதியைத் தேடினான். அதன்மேல் எட்டுக் கிலோ முட்டைக்கோஸ் மூட்டை ஒன்று அமைதியாக உட்கார்ந்திருந்தது. திரும்பும் வழி அடைபட்டது! ஏறு, ஏறு, ஏறுவதன்றி வேறில்லை!

முதலில் ஆண்கள் வீழ்ந்தார்கள். அடுத்து டவுன்காரர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடினார்கள். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டினாற்போல் பலருக்குக் காது அடைத்தது. பாடகர் குழுவின் யூனிஸ், டீச்சரின் சேலையைப் பிடித்து, "டீச்சர், போதும் டீச்சர், இதுக்கு மேல ரோடு இல்லீங்க!" என்றாள். டீச்சர் கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணாடி மூக்கில் சரிய, தனியொருத்தியாக அவர் பன்னிரண்டாம் படியில் கால் வைத்தார். அங்கே குரல் இல்லை. காற்று மட்டும் வந்தது. வாத்தியத்துக்கும் அதுவே உச்சி. கொசு ரீங்காரம்போல் ஒரு நாதம் கேட்டு, டக்ளஸின் விரல்களோடு அடங்கியது.

பீடத்திலிருந்து ஒரு கேரட் உருண்டது.

சில்வஸ்டர் எழுந்தார். வாகை சூடியவர்போல் நடந்து ஸ்பீக்கரைப் பீடத்தருகே நிறுத்திப் பொத்தானைத் தட்டினார். அதே பாட்டின் இசை, பளிங்குபோல், பிசிறில்லாமல் பெருகியது. சபை பாடத் தொடங்கியது. ஆனால் அந்தச் சபையில் வரிக்கு வரி ஒரு வழக்கம் உண்டு: கடைசி வரிசையில் கைத்தடியோடு இருப்பவர் அந்த வரியை முடிக்கும்வரை டீச்சர் நின்று, பிறகுதான் அடுத்ததை எடுப்பார். டக்ளஸ் இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே விரலை ஊன்றிக் காத்திருப்பான். பெட்டி காத்திருக்கவில்லை. சபை இரண்டாம் சரணத்தில் இருக்கையில் அது மூன்றாம் சரணத்துக்குப் போய்விட்டது. "நில்லு!" என்றார் டீச்சர். ஐந்தாம் வகுப்புகள் முப்பத்துநான்கும் நின்ற அந்தக் குரலுக்கு அது நிற்கவில்லை. சபை ஏழு சரணம் பாடும். பெட்டிக்குத் தெரிந்தது நான்கு. நான்கு முடிந்ததும் பாட்டை நட்டாற்றில் விட்டுவிட்டு, பேட்டரி குறைவு என்று இங்கிலீஷில் அறிவித்தது.

ஆயர் கண்களை மூடி நின்றார். ஜெபித்தாரா, சிரிப்பை அடக்கினாரா என்பதைக் காவியம் அறியாது. பிறகு தீர்ப்பு வந்தது.

"சில்வஸ்டர், அத அமத்தி உள்ள வைங்க. டக்ளஸ், நீங்களே வாசிங்க. கால மட்டும் முக்காலி மேல தூக்கி வெச்சுக்குங்க."

அவ்வாறே மாவீரன் சம்மணமிட்டான். கடுகுப் பொத்தானைப் பழையபடி கையால் தேடினான். மீதிச் சரணங்களுள் மூன்றாவதில் சரியாக வந்து சேர்ந்தான். கடைசி வரிசைக் கைத்தடி தட்டி மகிழ்ந்தது. முக்காலி பிழைத்தது.

காய்கறி ஏலத்தின் கூச்சலுக்கு நடுவே, கையில் பிஸ்கட் டின்னோடு தலைகுனிந்து வந்தவனை டீச்சர் வாசலில் மறித்தார். குரல் இன்னும் திரும்பவில்லை, கிசுகிசுப்பாகத்தான் கேட்டார்.

"ஏப்பா டக்ளஸ், உன்னத் தேடித்தான நான் அவ்வளவு மேல வந்தேன்? நீ எங்கப்பா போன?"

"நான் உங்களத் தேடித்தானுங்க டீச்சர் போனேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னால் நின்ற கெஸியா, முட்டைக்கோஸ் விலை கேட்பவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலைமேல் மேகம் விலகியது. திசைகள் எட்டும் செவி சாய்த்தன. இருபத்திரண்டு ஆண்டுப் பெரும்போர் தன் இறுதி முழக்கத்துக்குக் காத்து நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், எந்தச் சுருதியில் பாடப் போகிறீர்கள் என்று டக்ளஸ் டீச்சரிடம் கேட்டுக்கொண்டான்.